பள்ளத்துக்கு ஆவ், மேட்டுக்குத் தூ

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சீன மொழி பேசி அடி வாங்கப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் ஆவ்தூ அண்ணைதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கொடிகாமம் சந்தைக்குப் பக்கத்தில், நெளிந்த கார்களைத் தட்டி நிமிர்த்துகிற வேலை அவருக்கு. அறுபதுகளில் சீனாவிலிருந்து வந்த ஏதோ மெஷின் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் அகப்பட்டதாம். தகட்டின் மேற்பரப்பு எப்படியெல்லாம் இருக்கலாம் என்பதற்குச் சீனச் சொற்கள், பக்கத்தில் ஆங்கிலத்தில் உச்சரிப்பும் விளக்கமும். அதை வாசித்துச் சொல்ல, அந்த ஊரில் வாத்தியாராக இருந்த என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்ரர், உந்த எழுத்தைப் பாருங்கோ. 凹. மேல்பக்கம் அமுங்கின பெட்டி. பள்ளம். ஆவ். மற்றது 凸. மேலே வீங்கின பெட்டி. மேடு. தூ. எழுத்தே நெளிஞ்செல்லோ கிடக்கு!"

அன்றோடு மனிதருக்குத் தமிழ் மறந்துபோனது. மட்கார்ட்டைத் தடவி "ஆவ்" என்பார். மனைவியின் தோசைக்கல்லையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் சுருட்டுக்கடை முதலாளி காரோடு வந்தார். அண்ணை கதவைத் தடவிப் பார்த்தார், முதலாளியின் முகத்தைப் பார்த்தார், "தூ" என்றார்.

"ஆரைப் பாத்துத் துப்புறாய்?" என்று முதலாளி வேட்டியை மடித்துக் கட்ட, நான்தான் நடுவில் விழுந்து விலக்கினேன்.

ஊரே பைத்தியம் என்று சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அண்ணையின் கவலை வேறு.

"நான் படிச்சது சரியோ பிழையோ எண்டு ஒரு சீனாக்காரர் சொல்லவேணும், மாஸ்ரர். இல்லாட்டி இந்த அஞ்சு வருசமும் நான் விசரன்தானே."

பட்டணத்தில் ஒரு சீனப் பல் வைத்தியர் இருந்தார். பஸ் ஏறிப் போனோம். கதிரையில் அமர்ந்ததும் அண்ணை மரியாதையாக "ஆவ்" என்றார். வைத்தியர் வாய்க்குள் லைற் அடித்துப் பார்த்தார். "தூ" என்றார் அண்ணை. வைத்தியர் துப்புகிற கிண்ணத்தைக் காட்டினார்.

மூன்று தரம் இதே கூத்து. அண்ணையின் முகம் செத்துப்போயிற்று. கடைசியில் சட்டைப்பையிலிருந்த சோக்கை எடுத்து, குந்தியிருந்து, தரையில் இரண்டு எழுத்தையும் எழுதினார்.

வைத்தியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கனநேரம் பார்த்தார். பிறகு இரண்டு சொல்லையும் நீட்டி, இழுத்துச் சொன்னார்.

"உங்களுக்கு இதை ஆர் படிப்பிச்சது?" நல்ல யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார்.

"ஒருத்தருமில்லை, ஒரு சின்னப் புத்தகம்தான். சரியோ, ஐயா?"

"சரி. கொஞ்சம் இழுக்கவேணும், அவ்வளவுதான். என்ரை மகனுக்கே இது எழுத வராது."

திரும்பும்போது சாவகச்சேரி தாண்டும்வரை அண்ணை பஸ்ஸின் முன் சீற்று முதுகில் விரலால் அந்த இரண்டு எழுத்தையும் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு, "சரியெண்டு சொல்லிப்போட்டார், மாஸ்ரர்" என்றார். கண் கலங்கியிருந்தது.

நான் எத்தனையோ பிள்ளைகளின் கொப்பிகளில் சரி போட்டிருக்கிறேன். ஒருவருக்குக் கிடைத்த சரிக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.