தலைவலிக்குக் காரணம் நான் இல்லை, மச்சான்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். 'நலம்' என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்காத அளவுக்கு இங்கே நடந்துவிட்டதால், 'உயிரோடு' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் சகல சௌக்கியமாக இருப்பீர்கள். தங்களுடைய வேனும் நல்ல ஓட்டத்தில் இருக்கும். அந்த வேன் இந்த மாதக் கடைசி ஞாயிறு எங்கள் தெருப் பக்கம் ஓட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதிலும் நியாயம் இருக்கிறது. கடிதத்தை யாரும் கட் பண்ண முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருக்கும் வீடு இந்தக் குளிர் பிரதேசத்தில் ஒரு அரசாங்கக் குடியிருப்பு, நாலாவது மாடி. தாங்கள் ஒருமுறை வந்து தங்கியபோது, ஜன்னல் சாத்தியிருக்கும்போதே திரைச்சீலை ஆடுவதைப் பார்த்து, "மாப்பிள்ளை, இது வீடா சல்லடையா?" என்று கேட்டீர்கள். சல்லடையேதான். ஸ்டவ் பக்கத்தில் நின்றால் முன்பக்கம் வேகும், முதுகு விறைக்கும். ரூம் ஹீட்டரைப் போட்டால் சூடு எங்களிடம் வருவதற்கு முன் தெருவில் போகிறவர்களுக்குப் போய்ச் சேரும். கரண்ட் பில் வந்தால் உங்கள் தங்கை அதை நேராக என் கையில் தரமாட்டாள். முதலில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அப்புறம்தான் நீட்டுவாள். இந்த நிலையில்தான் வீட்டு வசதி வாரியத்திலிருந்து வந்து கட்டடம் முழுவதையும் சரி செய்யப்போவதாகச் சொன்னார்கள். வெளிச்சுவர் முழுக்க மெத்தை மாதிரி தடித்த பலகை, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, கதவு விளிம்புக்கெல்லாம் ரப்பர் பட்டை. "கட்டடத்துக்கு ஸ்வெட்டர் போடுறோம் ஐயா" என்றார் மேஸ்திரி. வேலை முடிந்த அன்று ஜன்னலைச் சாத்தினேன், மச்சான். தெருச் சத்தம் பட்டென்று நின்றது. திரை ஆடவில்லை. உங்கள் தங்கை சால்வையைக் கழற்றி மடித்து வைத்தாள். அன்றைக்கு இந்த வீட்டில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்று உங்களுக்கு நான் எப்படிச் சொல்வேன்!

இனிமேல் சொல்லப்போவதுதான் சங்கடமான பகுதி. சமையலறைச் சுவரில், குளிக்க வெந்நீர் போடும் பழைய கேஸ் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டுக் கரண்டில் ஓடுகிறதை அடுத்த கட்டத்தில் மாட்டுவார்களாம். அதுவரைக்கும் என்று ஹீட்டர் பக்கத்துச் சுவரில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை போட்டு, கம்பிவலை வைத்துவிட்டுப் போனார்கள். "இதை மட்டும் அடைச்சிடாதீங்க" என்று மேஸ்திரி சொன்னார். சொன்னது உண்மை, நான் கேட்டதும் உண்மை. ஆனால் நான் யார் என்று யோசித்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். என் கை பட்டுப் போன டின்னில் காற்றுப் புகுந்து பிஸ்கட் நமத்துப்போனதாக ஒரு புகார் உண்டா? சுவர் முழுக்க ஸ்வெட்டர் போட்டுவிட்டு நடுவில் ஒரு ஓட்டையை விட்டால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? அந்த ஓட்டை வழியாகச் சில்லென்று காற்று வந்து என் கணுக்காலைத் தேடிப் பிடித்துக் கடித்தது. ரெண்டு நாள் பொறுத்தேன். மூணாம் நாள் ஸ்பாஞ்சைத் திணித்து, மேலே பேக்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிவிட்டேன். ஒட்டினதும் தள்ளி நின்று பார்த்தேன். அழகான வேலை, மச்சான். அதில் குறை சொல்ல முடியாது.

அதற்கப்புறம்தான் உங்கள் தங்கைக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. முதலில் பெயின்ட் வாசனை என்றாள். அப்புறம் கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்றாள். போய்ப் பார்த்தோம், மாறவில்லை. கடைக்குப் போனால் வலி இல்லை. எதிர் வீட்டு நர்சம்மாவோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால் முகம் பளிச்சென்று இருக்கும். நம்ம வீட்டுக்குள் கால் வைத்து ஒரு மணி நேரத்தில் நெற்றியைப் பிடித்துக்கொள்வாள். நான் வெளியே போயிருந்த நாளெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தும் அவளுக்கு வலி வரவில்லை. நான் திரும்பி வந்ததும் வந்துவிடும். ஏனென்றால் நான் இருந்தால்தான் ஹீட்டர் ஓடும். காலையில் குளிக்க, சாயங்காலம் குளிக்க, நடுவில் கால் வலிக்கு வெந்நீரில் பாதத்தை ஊறவைக்க. அவள் எப்போதும் பச்சைத் தண்ணீர் ஆள். இந்தக் கணக்கெல்லாம் இப்போது புரிகிறது. அப்போது அவளுக்குப் புரிந்த கணக்கு வேறு. ஒருநாள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"உங்க மூஞ்சியப் பார்த்தாலே எனக்குத் தலை வலிக்குது."

"இத்தனை வருஷமாப் பார்க்குற மூஞ்சிதானே?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன். இத்தனை வருஷ விஷம் இப்பத்தான் தலைக்கு ஏறியிருக்கு போல."

நானும் சும்மா இருக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் தலை வலித்துக்கொண்டுதான் இருந்தது. அது அவள் பேச்சால் வருகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "உன் வாய் மூடினா என் வலி போயிடும்" என்றேன். அவள் வாயை மூடினாள். முழுசாக மூடிவிட்டாள். சாப்பாட்டுத் தட்டு மேசைக்கு வரும், வார்த்தை வராது. அந்த அடைத்த வீட்டுக்குள் சத்தமும் வெளியிலிருந்து வராது, உள்ளேயும் கிடையாது. என் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் ஒருநாள் அவள் வராந்தாவில் நின்று உங்களோடு போனில் பேசினது கதவு வழியாகக் காதில் விழுந்தது. "அண்ணா, என்னால முடியல. நீ வந்து கூட்டிட்டுப் போ." நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று தெரியாது. ஆனால் அன்று மாலையே கட்டிலடியிலிருந்து பெட்டி வெளியே வந்தது, காலண்டரில் இந்த மாதக் கடைசி ஞாயிறைச் சுற்றி ஒரு வட்டமும் விழுந்தது.

மச்சான், நான் போகாதே என்று சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு புடவையாக மடிப்பதை வாசலில் நின்று பார்த்துவிட்டு, போய் வெந்நீர் போட்டுக் காலை ஊறவைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

அடுத்த நாள் காலை. ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய போர்வை, கம்பளி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு துவைக்கக் குளியலறைக்குள் போனாள். கம்பளிக்கு வெந்நீர் வேண்டும், அதனால் ஹீட்டர் நிற்காமல் ஓடியது. நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. உள்ளே தொப்பென்று வாளி விழுந்த சத்தம். கூப்பிட்டேன், பதில் இல்லை. கோபத்தில் இருக்கிறாள், அதான் பதில் சொல்லவில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் பாருங்கள். மறுபடியும் ஏதோ விழுந்தது. இந்தத் தடவை வாளிச் சத்தம் மாதிரி இல்லை. எழுந்தேன். கால் ரெண்டும் யாரிடமோ இரவல் வாங்கின மாதிரி இருந்தது. ஜன்னலைத் திறக்கலாம் என்றால் அந்தப் புதுத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் திரும்பும் என்று நல்ல நேரத்திலேயே எனக்குத் தெரியாது. அடுப்பு மேலிருந்த குக்கரைக் கையில் எடுத்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. கண்ணாடி உடைந்த சத்தம் ஞாபகம் இருக்கிறது. காற்று வந்தது ஞாபகம் இருக்கிறது. அவளைத் தூக்கினது மட்டும் கொஞ்சம் மங்கல்தான்.

கண் திறந்தபோது வராந்தாவில் கிடந்தேன். நர்சம்மா என் கன்னத்தில் தட்டி, "ஐயா, கண்ணத் திறங்க, என்னப் பாருங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். தூக்கி வந்த ஆளுடைய கன்னத்தில் ஏன் தட்டுகிறார் என்று புரியவில்லை. களைப்பில் கண் சொருகியிருக்கும். என் சட்டைக் காலர் கிழிந்து தொங்கியது, அவ்வளவு பாடுபட்டிருக்கிறேன். உங்கள் தங்கை சுவரில் சாய்ந்து, தலை கலைந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். காப்பாற்றப்பட்டவர்களுக்கு அப்படித்தான் வாங்கும் போலிருக்கிறது. நான் கேட்டேன், "உன்னைத் தூக்கிட்டு வந்துட்டேனா?" அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமா. தூக்கிட்டு வந்துட்டீங்க" என்றாள். பல வாரம் கழித்து என்னிடம் அவள் பேசின முதல் வார்த்தை அது.

ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் மூக்கில் ஆக்சிஜன் மாட்டிப் படுக்கவைத்தார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்ல கேஸ் ஹீட்டர் இருக்கா?" என்பதுதான். காற்றுப் போதாமல் எரிந்தால் அதிலிருந்து ஒரு வாயு வருமாம். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது. முதலில் தலைவலிதான் வருமாம், மச்சான், தலைவலி! நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "டாக்டர், அதை இவ காதுல விழுற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். அவரும் நல்ல மனிதர், சொன்னார்.

வீட்டைப் பார்க்க வாரியத்திலிருந்து ஒரு எஞ்சினியர் அம்மா வந்தார். கையில் ஒரு சின்ன மீட்டர். நேராகச் சமையலறைக்குப் போய் என் டேப் வேலைக்கு முன்னால் நின்றார். "யார் அடைச்சது?" என்றார். பிஸ்கட் கம்பெனியில் இருந்து ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். "ஐயா, குளிர் புகாம வீட்டை மூடுறது பாதி வேலை. மூடின வீடு மூச்சு விட வழி பண்றது மீதிப் பாதி. உங்களைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்ல. சூடு வீணாகக் கூடாதுன்னு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம், இந்த ஓட்டை எதுக்குன்னு சொல்லிக்கொடுக்கல. அடுத்த கட்டம் வரைக்கும் இந்த ஹீட்டரை விட்டு வச்சது எங்க தப்பு" என்றார். அன்றே கட்டடம் முழுக்க ஒவ்வொரு வீடாகப் பார்க்கச் சொன்னார். பார்த்தால், ஒரு வீட்டில் பழைய சாக்ஸ், இன்னொரு வீட்டில் துண்டு, கீழ்த்தளத்தில் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் தலையணையையே திணித்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தலையணையை இழுத்து எடுத்தது நான்தான். குழந்தை அதே சமையலறை மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது எல்லா வீட்டிலும் கேஸ் ஹீட்டர் போய், கரண்ட் ஹீட்டர் வந்துவிட்டது. சுவரில் ஒரு சின்ன மெஷின் மாட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கிற கெட்ட காற்றை வெளியே தள்ளும்போது அதன் சூட்டைப் பிடித்து, வருகிற நல்ல காற்றுக்குக் கொடுக்குமாம். வீடு கதகதப்பாகவும் இருக்கிறது, தலையும் வலிக்கவில்லை. எனக்குக் கட்டடத்தில் 'ஓட்டை ஐயா' என்று பெயர். மாடி மாடியாகப் போய் யாராவது எதையாவது அடைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதால் வந்த பட்டம். பட்டத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலை பெட்டி. அது இன்னும் கட்டின கட்டுப்படி கூடத்தில்தான் நிற்கிறது. "இப்பத்தான் காரணம் தெரிஞ்சுபோச்சே, பெட்டியைப் பிரிச்சிடலாமா?" என்று கேட்டால், "பார்க்கலாம்" என்கிறாள். அந்தப் 'பார்க்கலாம்' எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலைவலிக்குக் காரணம் நான் இல்லை என்று டாக்டர் சொல்லியாயிற்று, மீட்டர் சொல்லியாயிற்று. உயிரைப் பணயம் வைத்து அவளைத் தூக்கி வந்தவன் என்பதையும் மனதில் கொண்டு, தாங்கள் வேனை வேறு வாடகைக்கு அனுப்பிவிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும். எல்லோரும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து நீடூழி வாழ்க.

தங்கள் அன்புக்கு ஏங்கும் மாப்பிள்ளை.

பின்குறிப்பு:

அண்ணா, இது நான் எழுதுறேன். கவரை ஒட்டிக் கூரியர்ல போட்டுட்டு வான்னு என்கிட்ட குடுத்தார், படிச்சிட்டேன். ஓட்டை, டேப்பு, டாக்டர் எல்லாம் நிஜம். தூக்கினது மட்டும் நிஜமில்ல. எனக்குப் பாத்ரூம் ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது, அதனால தலை சுத்தி விழுந்தாலும் தவழ்ந்து வெளிய வந்துட்டேன். வந்து பார்த்தா இவர் குக்கரக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு சமையக்கட்டு வாசல்ல கிடக்குறார். அதைப் பிடுங்கி ஜன்னல உடைச்சேன். காலரைப் பிடிச்சு வராந்தா வரைக்கும் இழுத்தேன். கண்ணு முழிச்சதும் அப்படிக் கேட்டார், எனக்கு இல்லன்னு சொல்ல மனசு வரல. நீயும் சொல்லிடாத. பதில் போடும்போது, நல்ல நேரத்துல என் தங்கச்சியக் காப்பாத்தினீங்க மாப்பிள்ளைன்னு ரெண்டு வரி எழுது.

பெட்டியப் பிரிக்கலாமா வேண்டாமான்னு இத்தனை நாளா யோசிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். இதைப் படிக்கும்போதுதான் ஒண்ணு தோணுச்சு. அன்னைக்கு எனக்கு டாக்டரும் தெரியாது, மீட்டரும் தெரியாது. தலைவலி இந்த மனுஷனாலதான்னு முழுசா நம்பிக்கிட்டிருந்தப்பவே இழுத்திருக்கேன்.

வேன் வேண்டாம்ணா.