வட அமெரிக்கத் தமிழ்ச் சீட்டெண்ணியல் கழகம்: ஒரு சாதனை அறிக்கை

மனித மூளை தன் உச்சத்தைத் தொட்ட இடங்கள் உலகில் மிகச் சில. அவற்றில் ஒன்று கனடாவின் மார்க்கம் நகரத்தில், ஒரு வீட்டு பேஸ்மென்டில், வாஷிங் மெஷினுக்கும் பழைய சோபாவுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு வருடங்களாக ஞாயிறு தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த இடத்தில் ஸ்டொப்வாட்ச்சுடன் நின்றவன் நான். பெயர் றமேஸ். பதவி, 'வட அமெரிக்கத் தமிழ்ச் சீட்டெண்ணியல் கழக'த்தின் பொதுச் செயலாளரும் நேரக் கணிப்பாளரும். கழகத்தில் மொத்தம் ஏழு பேர். ஒருவர் பக்கத்து நகரமான ஒஷாவாவிலிருந்து வருவதால் 'வட அமெரிக்க' என்ற அடைமொழி பொருந்தும் என்று தலைவர் தீர்ப்பளித்திருந்தார்.

தலைவர் அலெக்ஸாண்டர் அண்ணை வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட். வீடுகள் விற்காமல் கிடந்த ஒரு குளிர்காலத்தில், பொழுது போகாமல், பிளாக்ஜாக் என்ற சூதாட்டச் சீட்டு விளையாட்டைப் பற்றிய வீடியோ ஒன்றைப் பார்த்தார். மேசையில் விழும் சீட்டுகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தால், மிச்சச் சீட்டுக் கட்டில் பெரிய சீட்டுகள் கூடவா குறையவா என்று தெரியுமாம். கூட இருந்தால் பந்தயத்தை உயர்த்தலாமாம். "இது சூதில்லை, கணக்கு" என்றார் அண்ணை. அந்த வசனமே எங்கள் கழகச் சட்டமான யாப்பின் முதலாவது சரத்து.

முதல் அறிவித்தலில் ஒரு சிறு தடுமாற்றம். 'சீட்டுக் கழகம்' என்று போட்டுவிட்டோம். முப்பது பேர் வந்தார்கள். "கழிவு எவ்வளவு? முதல் சீட்டு ஆருக்கு?" என்று கேட்டார்கள். இது மாதச் சீட்டு இல்லை, ராஜா, ராணி படம் போட்ட சீட்டு என்று விளக்கியதும் இருபத்தைந்து பேர் வடையைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

எங்கள் கலை எளிமையானது. இரண்டு முதல் ஆறு வரை எது விழுந்தாலும் ஒன்றைக் கூட்டவேண்டும். பத்து, படங்கள், ஆஸ் விழுந்தால் ஒன்றைக் கழிக்கவேண்டும். ஏழு, எட்டு, ஒன்பதுக்கு ஒன்றுமில்லை. முழுக் கட்டையும் பிழையில்லாமல் எண்ணி முடித்தால் கடைசியில் பூச்சியம் வரும். ஆகவே இரண்டு வருடக் கடும் உழைப்பின் பயன் எப்போதும் பூச்சியமாக இருக்கவேண்டும் என்பதே எங்கள் இலட்சியம். இவ்வளவு துல்லியமாக இலட்சியத்தை அடைந்த வேறு எந்தத் தமிழ்க் கழகத்தையும் நான் அறியேன்.

ஒஷாவா ஸ்ரீதரன் அண்ணை முதல் நாளே ஒரு கொள்கைப் பிரச்சினையை எழுப்பினார்.

"ஒன்பதுக்கு ஒண்டுமில்லையோ?"

"இல்லை, அண்ணை."

"முந்நூற்றிநாலு விளையாட்டில ஒன்பதுக்கு இருபது பொயின்ற். ஜாக்குக்கு அடுத்த பெரிய ஆள்."

"அண்ணை, இது முந்நூற்றிநாலு இல்லை."

"அதுக்காக ஒருத்தனை அப்பிடியே பூச்சியமாக்கிறதோ?"

வாக்கெடுப்பு நடந்தது. ஐந்துக்கு இரண்டு. ஒன்பது சட்டப்படி பூச்சியமானது. ஸ்ரீதரன் அண்ணையின் 'ஆழ்ந்த கவலை' பதிவு செய்யப்பட்டது.

வேகம் மெல்ல வந்தது. ஆரம்பத்தில் ஒரு கட்டை எண்ண அலெக்ஸாண்டர் அண்ணைக்கு ஒரு நிமிடம் பத்து விநாடி பிடித்தது. பிறகு சீட்டுகளைச் சோடி சோடியாகப் பார்க்கப் பழகினார். ராஜாவும் ஐந்தும் சேர்ந்து வந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும், எண்ணவே தேவையில்லை. சீட்டின் பெயரை மனதுக்குள் சொல்லக்கூடாது. உதடு அசையக்கூடாது. ஆறாவது மாதம் முப்பத்தைந்து விநாடி. ஒரு வருடத்தில் இருபத்திரண்டு. வீதியில் காரோட்டும்போது முன்னால் போகும் வண்டிகளின் நம்பர் பிளேட்டுகளை எண்ணினார். தேவாலயத்தில் பூசை முடிவில் எல்லோரும் ஆமென் சொன்னபோது இவர் மட்டும் "மைனஸ் ரண்டு" என்றார். பாதிரியார் பெருந்தன்மையுடன் அதை ஏற்றுக்கொண்டார்.

கழகத்தில் அண்ணையை விட வேகமானவர் ஒருவர் மட்டும் இருந்தார், நிரோஷினி. வயது இருபத்தெட்டு, கனடாவில் பிறந்தவள். லாப் ஒன்றில் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்து இரத்த அணுக்களை எண்ணுவது தொழில். பதினாறு விநாடி. அவள் எண்ணி முடித்துக் கட்டை வைக்கும் ஒவ்வொரு முறையும் தலைவர் பல்வலிக்காரர் போலச் சிரித்து வாழ்த்துவார்.

வேகம் வந்தது, துல்லியம் வந்தது. இனிச் சூதாட்ட மண்டபத்தின் இரைச்சலைத் தாங்கவேண்டும். இதற்காகத் தலைவர் வகுத்ததுதான் 'கவனச் சிதறல் பயிற்சி'. முதலில் டிவியைச் சத்தமாகப் போட்டோம். பிறகு வாஷிங் மெஷினுக்குள் காலில் போடும் சப்பாத்துகளைப் போட்டுச் சுற்றவிட்டோம். போதவில்லை. மனிதக் குரல் தேவை என்று முடிவாகி, தலைவரின் மனைவி துர்க்கா அக்கா 'கௌரவ இடையூறாளர்' ஆக ஏகமனதாக நியமிக்கப்பட்டார். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் வந்து, எங்கள் முன் நின்று, வாய்க்கு வந்ததைப் பேசவேண்டும். அவர் பேசுவதற்கு எவரும் பதிலளிக்கலாகாது. பேசியதைப் பற்றிப் பிறகு கதைக்கவும் கூடாது. அது தலைவர் இயற்றிய ஏழாவது விதி.

ஒக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறுதிப் பரீட்சை நடந்தது. மண்டபத்தில் உள்ளது போலவே ஆறு கட்டுகள், முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். ஆறு பேரும் தம்தம் சீட்டுகளுடன் வரிசையாக இருந்தார்கள். நான் ஸ்டொப்வாட்ச்சை அழுத்தினேன். துர்க்கா அக்கா வேலை உடுப்போடேயே வந்து, கணவருக்கு நேர் எதிரில் நின்றார். வழக்கமாகக் குப்பை வெளியே போடாததைப் பற்றிப் பேசுவார். அன்றைக்குப் பேச்சு வேறு.

"இஞ்சருங்கோ, எனக்குப் பித்தப்பையில கல்லாம். வாற வியாழக்கிழமை காலமை எட்டரைக்கு ஒப்பரேஷன். அண்டைக்கே வீட்டுக்கு விடுவினம். ஆனா தனிய விடமாட்டினமாம். ஆரும் வந்து கையெழுத்து வைச்சுக் கூட்டிக்கொண்டு போகவேணும். வாடகை ராக்சியிலயும் விடமாட்டினமாம். கலண்டரில சிவப்பால எழுதினன், நீங்கள் பாக்கேல்லை. சாப்பிடேக்க சொன்னன், 'பிளஸ் நாலு' எண்டனீங்கள். இப்பதான் என்ரை முகத்துக்கு நேரை ஒரு இடத்தில இருக்கிறியள். அதால இப்ப சொல்லுறன்."

சீட்டுகள் சரசரவென்று விழுந்துகொண்டிருந்தன.

"அம்மாவும் ஒப்பரேஷன் மேசையிலதான் போனவ. உங்களுக்குத் தெரியும். எனக்குப் பயமாக் கிடக்கு."

நிரோஷினியின் கை நின்றது. சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டாள். மற்ற ஐந்து பேரும் ஒரு சீட்டும் பிசகவில்லை. அலெக்ஸாண்டர் அண்ணை கடைசிச் சீட்டை வைத்துக் கையை உயர்த்தினார். இரண்டு நிமிடம் பதினெட்டு விநாடி. விடை பூச்சியம். கழக வரலாற்றில் புதிய சாதனை!

கைதட்டல் எழுந்தது. அண்ணை வியர்வையைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"அருமை, துர்க்கா! நீர் கதைச்சதில ஒரு சொல்லும் எனக்குக் கேக்கேல்லை!"

துர்க்கா அக்கா தலையாட்டிவிட்டு மேலே போனார். நிரோஷினியும் பின்னாலேயே படியேறிப் போனாள். நான் கூட்டக் குறிப்பில் இப்படி எழுதினேன்: 'தலைவர், பிழை பூச்சியம். செல்வி நிரோஷினி, எண்ணிக்கை தவறியது. இடையூறு உரையின் பொருள், ஒப்பரேஷன்.' நேரக் கணிப்பாளரின் காது கூர்மையானது. ஒரு சொல்லையும் நான் தவறவிடவில்லை.

அந்தக் கூட்டத்திலேயே சூதாட்ட மண்டபப் படையெடுப்புக்கு நாள் குறித்தோம். வியாழக்கிழமை. வேலை நாள் என்பதால் மண்டபத்தில் கூட்டம் குறைவு.

வியாழன் காலை எட்டு மணிக்குத் தலைவரின் வான் வண்டியில் ஆறு பேர் ஏறினோம். நிரோஷினி வரவில்லை. 'வரமுடியாது' என்று ஒரே ஒரு சொல் அனுப்பியிருந்தாள். துர்க்கா அக்காவும் வீட்டில் இல்லை. "ஷிஃப்டுக்குப் போயிட்டா போல" என்றார் அண்ணை. போன்கள் கவனத்தைக் கெடுக்கும் என்பதால் எல்லாவற்றையும் நிறுத்தி வானுக்குள்ளேயே பூட்டிவிட்டு, பத்தரை மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்தோம்.

மேசையில் ஸ்டெபனி என்று பெயர்ப் பட்டி குத்திய பெண் சீட்டுப் போட்டாள். அவள் கைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் விழுந்த சீட்டுகளை அள்ளி அந்தப் பெட்டிக்குள் திரும்பப் போட்டாள். பெட்டி உறுமியது. அதன் வாயிலிருந்தே அடுத்த சீட்டுகளை எடுத்தாள். அலெக்ஸாண்டர் அண்ணை நாற்பது நிமிடம் மூச்சுவிடாமல் எண்ணினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இந்தப் பெட்டி எப்போது கலக்கி முடிக்கும்?"

"அது முடிக்காது, சேர். கலக்கிக்கொண்டே இருக்கும்."

"அப்படியானால் எண்ணுவதில் என்ன பயன்?"

ஸ்டெபனி அன்பாகச் சிரித்தாள். "எண்ணுவதற்கு நாங்கள் கட்டணம் எடுப்பதில்லை, சேர். தாராளமாக எண்ணுங்கள்."

எல்லா மேசைகளிலும் அதே பெட்டி. இரண்டு வருடப் பயிற்சியில் மண்டபத்தை ஒருமுறை எட்டிப் பார்க்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. துல்லியத்தில் மூழ்கியவர்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? பகல் சாப்பாடு நன்றாக இருந்தது. "எங்கடை எண்ணிக்கை சரி. மண்டபம்தான் பிழை" என்று தலைவர் உரையாற்றினார். மூன்று மணிக்கு வானைத் திறந்து போனை முடுக்கியபோது, ஒரே இலக்கத்திலிருந்து தலைவருக்கு ஐந்து அழைப்புகள் வந்திருந்தன. ஆஸ்பத்திரி. கடைசியாக, நிரோஷினியிடமிருந்து ஒரு தகவல்: 'அன்ரியை நான் கூட்டிக்கொண்டு வந்திட்டன். என்ரை வீட்டில இருக்கிறா. ஓகே.'

போனை எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஸ்ரீதரன் அண்ணை மட்டும் "என்ன, என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நேராக ஸ்காபரோவில் நிரோஷினியின் அப்பார்ட்மென்டுக்குப் போனோம். அண்ணையும் நானும் மேலே ஏறினோம். கதவு சங்கிலியளவுக்குத் திறந்தது. உள்ளே சோபாவில் துர்க்கா அக்கா வயிற்றில் தலையணையை அணைத்தபடி சாய்ந்திருந்தார்.

"துர்க்கா, ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான்" என்றார் அக்கா. குரல் களைத்திருந்தது. "ஸ்டொப்வாட்ச் ஓட ஓடச் சொன்னனான். கூட்ட மினிட்ஸைப் பாருங்கோ."

கதவு சாத்தப்பட்டது. அண்ணை லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் குறிப்புப் புத்தகத்தைக் கேட்டார். படித்தார். இன்னொருமுறை படித்தார். எண்ணும்போது அசையாத அந்த உதடு, அன்றைக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் அசைந்தது.

"றமேஸ், உமக்குக் கேட்டதோ?"

"ஓம் அண்ணை. நல்ல வடிவாக் கேட்டது."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஏழாவது விதி, அண்ணை. நீங்கள் போட்டது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிப்பது அறிக்கையின் நோக்கமன்று. குறிப்புப் புத்தகத்தை என் கையில் தந்துவிட்டு, திரும்பப் போய் அந்தக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். நாங்கள் பஸ்ஸில் வீடு திரும்பினோம். இரவு ஒன்பதுக்குக் கதவு திறந்ததாகவும், அண்ணை ஒரு வாரம் அந்த வீட்டிலேயே சூப் வைத்துக் கொடுத்ததாகவும் பின்னர் அறிந்தோம். அடுத்த ஞாயிறு அவருடைய இராஜினாமாக் கடிதம் வந்தது. ஒரே வரி: 'மனுசியோட கதைக்கவேண்டி இருக்கு.' இதைக் காரணமாக ஏற்க யாப்பில் இடமில்லை என்றாலும், முன்னாள் தலைவர் என்ற மரியாதைக்காக ஏற்றுக்கொண்டோம்.

புதிய தலைவராக என்னைத் தெரிவு செய்தார்கள். கூட்டம் இப்போது என் பேஸ்மென்டில். முதல் வேலையாக, பரீட்சையில் எண்ணிக்கையைக் கைவிட்டது, படையெடுப்புக்கு வராதது ஆகிய குற்றச்சாட்டுகளில் நிரோஷினியை விசாரணைக்கு அழைத்தோம். தன் சீட்டுக் கட்டுகளைத் திருப்பித் தருவதற்காக அவளும் வந்தாள்.

"எங்கடை கழகத்திலயே வேகமான ஆள் நீர். நூற்றியெட்டாவது சீட்டில ஏன் நிப்பாட்டினனீர்?"

"அன்ரி கதைச்சவ."

"உது இடையூறு உரை, பிள்ளை."

"இல்லை. அது அன்ரி."

மேற்கொண்டு பேச அவள் விரும்பவில்லை. கட்டுகளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒரு மணி நேரம் ஆராய்ந்தபின் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம்: மனிதர் கதைத்தால் காது கொடுக்கும் குறைபாடு இருப்பதால் செல்வி நிரோஷினி கழகத்திலிருந்து நீக்கப்படுகிறார். மிஞ்சிய ஐந்து பேரையும் ஒருவர் விடாமல் பரிசோதித்துப் பார்த்துவிட்டேன். அந்தக் குறைபாடு எங்களில் எவருக்கும் அறவே இல்லை என்பதைப் பெருமையுடன் உறுதிப்படுத்துகிறேன்.