இஷாக் பாய் விளக்கிய டிஃபால்ட்

இன்றைக்கு என்ன ஆனாலும் வாயைத் திறப்பதில்லை. பிரியாணிக் கடையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு பேகம்பூர் வீட்டுக்குச் சாப்பிட வந்த இஷாக் பாய், இப்படியொரு சபதத்தோடுதான் செருப்பைக் கழற்றினார்.

விவகாரம் வீட்டு முன்னறை. அதில் அரிசி மூட்டை அடுக்க வேண்டும் என்பது பாயின் ஆசை. பெண்பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்க வேண்டும் என்பது மனைவி பாஸிலாவின் ஆசை. அதற்காகவே கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ப் புரோகிராமிங் படிக்கிறாள். ‘சரி’ என்றால் அறை போச்சு. ‘முடியாது’ என்றால் நிம்மதி போச்சு. அதனால் அவள் கேட்கும்போதெல்லாம் பாய் ஊமையாகிவிடுவார். மலைக்கோட்டைப் பாறைகூட வெயிலுக்கு வெடிக்கும், பாய் வாய் வெடிக்காது.

“என்னங்க, முன்னறை என்னாச்சு?”

பாய் மீன்முள் எடுப்பதில் மும்முரமானார்.

“சரி, அத விடுங்க. டிஃபால்ட்டுன்னா என்னங்க? படிச்சுப் படிச்சுப் பாத்தும் மண்டையில ஏறல. நாளைக்குப் பரீட்சை.”

பாய்க்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பத்தாவதோடு நின்றவரிடம் கம்ப்யூட்டர் சந்தேகம்! சபதமாவது ஒன்றாவது.

“புக்குல என்ன போட்டுருக்கு?”

“ஆளு எதுவும் குடுக்கலேன்னா, ஏற்கெனவே வச்சிருக்கறத புரோகிராமே எடுத்துக்கிடுமாம்.”

“அட, இம்புட்டுத்தானா! நம்ம கடையில வந்து ‘ஒரு பிரியாணி’ன்னு மட்டும் சொன்னா என்ன வைப்போம்?”

“மட்டன்.”

“சிக்கன் வேணும்னா?”

“சிக்கன்னு வாயத் தொறந்து சொல்லணும்.”

“அம்புட்டுத்தாம் புள்ள! போன வாரம் வெளியூர்க்காரர் ஒருத்தர் நல்லா வழிச்சுத் தின்னுட்டு, ‘நான் மட்டன் கேக்கலையே’ன்னாரு. ‘வேணாம்னு சொன்னீங்களா?’ன்னேன். ஆளு காச வச்சுட்டுக் கெளம்பிட்டாரு.”

“அப்ப சொல்லாதவுக மேலதான் தப்பு?”

“பின்ன? வாய் எதுக்கு இருக்கு? எல காலியான பெறகு பேசுனா எடுபடுமா?”

“எது டிஃபால்ட்டுன்னு யாரு முடிவு பண்றது?”

“கடைன்னா கடைக்காரன்.”

“வீடுன்னா?”

“வீட்டுல நீதான்!” என்றார் பாய். தாராள மனசு, என்ன செய்ய! பாஸிலா இன்னொரு மீன் துண்டு வைத்தாள். பாய்க்கு அன்றைக்குத் தூக்கமும் நன்றாகவே வந்தது.

பரீட்சை முடிந்த மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தால், வாசல் பூராவும் சின்னச் சின்னச் செருப்பு. முன்னறையில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் வெள்ளைப் பலகை. பாஸிலா கையில் மார்க்கர்.

“யாரக் கேட்டு இதெல்லாம்?”

“உங்களத்தாங்க. மூணு மாசமாக் கேட்டேன். நீங்க ஒண்ணுஞ் சொல்லல. நம்ம வீட்டுல டிஃபால்ட்டு ‘சரி’ங்க.”

“நான் வேணாம்னு—”

“எப்பச் சொன்னீங்க?”

பாய் யோசித்துப் பார்த்தார். அந்த வெளியூர்க்காரர் பாவம் என்று முதல் தடவையாகத் தோன்றியது. முன்வரிசையில் இருந்த பக்கத்து வீட்டு ஷரீஃபா, “மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போர்டு மறைக்குது” என்றாள். பாய் தள்ளி நின்றார்.

வாசலில் லாரி ஹாரன் அடித்தது. அவர் சொல்லி வைத்திருந்த அரிசி வந்துவிட்டது. முதல் மூட்டையைத் தோளில் ஏற்றியபடி ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“பாய், எங்க எறக்க?”

பாய் யோசித்து வாயைத் திறப்பதற்குள், மூட்டை முன்னறையைத் தாண்டி அவருடைய கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டது.