மாமியின் வெண்டியும் என் பூவரசம் புழுவும்

பிழையாகக் கதைத்து ஏச்சு வாங்குவது உலக வழக்கம். சரியாகக் கதைத்துத் தலைகுனிந்தவள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தாவரவியல் பட்டத்தோடு வட்டக்கச்சிக்கு மருமகளாக வந்திருந்தேன். (மாமி கேட்டது சமைக்கத் தெரியுமோ என்று. நான் சொன்னது பட்டத்தைப் பற்றி.) மச்சாளின் கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. பந்திக்கென்றே மாமி வளவில் வெண்டி போட்டிருந்தா. வெண்டிக்காய்க் குழம்பு இல்லாமல் என்ன கலியாணம் என்பது அவாவின் கட்சி.

வேலிப் பூவரசில் இலைகள் சுருட்டுப்போலச் சுருண்டு கிடந்தன. பிரித்தால் உள்ளே பச்சைப் புழு.

"மாமி, இது வெண்டிக்கும் வரும். இரண்டும் ஒரே குடும்பம்."

"என்ன விசர்க்கதை பிள்ளை? வருசா வருசம் இந்த வேலியோடைதான் வெண்டி போடுறன். ஒருநாளும் வரேல்லை."

விசர்க்கதையாம்! எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஐந்தாறு புழுவைப் பொறுக்கி, ஓரத்தில் நின்ற ஒரு வெண்டியில் விட்டு, கிழிந்த நுளம்புவலைத் துண்டால் மூடிக் கட்டினேன். ஒரு புழுகூட வெளியே போக வழியில்லை. அவ்வளவு கவனமான ஆய்வு.

புழுக்கள் வெண்டியிலையைத் தின்றன, சுருட்டின, உள்ளேயே கூட்டுப்புழுவாகின. ஒருநாள் காலை வலைக்குள் மஞ்சள் நிறக் குட்டி அந்துப்பூச்சிகள், செட்டையில் மண்ணிறக் கோடுகளோடு. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

"மாமி, ஓடி வாங்கோ!"

குசினியிலிருந்து வந்து குனிந்து பார்த்தா. "வலைக்குள்ளாலை ஒண்டும் வடிவாத் தெரியேல்லைப் பிள்ளை."

வலையைத் தூக்கிக் காட்டினேன்.

"ஓம், பறக்குது," என்றா மாமி.

ஒரு மாதத்துக்குள் அந்தப் பாத்திகளில் விரிந்த இலை என்று ஒன்றில்லை. யுத்தத் தடையால் பூச்சிமருந்து வவுனியாவைத் தாண்டி வராத காலம். பலகாரம் சுட வந்த பெண்டுகள் வெண்டிக்குள் குந்தியிருந்து இலை பிரித்துப் புழு நசித்தார்கள். மாமா எட்டிப் பார்த்து, "சுருட்டுக் கொட்டில் துடங்கியிட்டியளோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாமி மட்டும் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

பந்தியில் பூசணிக்காய்தான். மாப்பிள்ளையின் தாய், "வெண்டிக்காய் வைக்கேல்லையோ?" என்று கேட்டா.

மாமி என்னைக் காட்டி நிதானமாகச் சொன்னா: "எங்கட மருமகள் சொன்னால் அச்சொட்டாச் சரியாத்தான் இருக்கும். நிரூபிக்க மட்டும் விட்டிடக் கூடாது."

அன்றிலிருந்து இந்த வீட்டில் என் பேச்சை ஒருத்தரும் மறுத்ததில்லை. இன்றைக்கு மழை வரும் என்று நான் சொன்னால், என் மனுசன் கொளுத்துகிற வெயிலில் குடை பிடித்துக்கொண்டு போகிறார்.