குறி தப்பாத கஸ்பார்

திண்டுக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் கஸ்பார், மாதாவுக்கு முன்னால் மட்டும்தான் தலை குனிவேன் என்று ஊரெல்லாம் சொல்லுவார். மனைவி நான்சிக்கு முன்னால் குனிவதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

அன்றைக்கு மட்டும் நிமிர்ந்தார்.

"ஏங்க, அம்மாவுக்கு முழங்கால் வலி தாங்கலையாம். வடமதுரையில ஒத்தையில கெடக்காங்க. நம்மகூட வந்து இருக்கட்டுமே."

"வரட்டும், யாரு வேணாம்னா? ஆனா தரையில படுத்தா அவங்களால எந்திரிக்க முடியாதே. இந்த வீட்டுக்குள்ள ஒரு கட்டில் வரட்டும். அன்னைக்கே நானே போய்க் கூட்டிட்டு வாரேன். மாதா மேல சத்தியம்!"

கட்டில் வாங்க வேண்டியவர் அவர்தான். வாங்குவதாக இல்லை. மாமியாரை மடக்கிவிட்ட சந்தோஷத்தில் அன்று இட்லி கூடுதலாக இறங்கியது.

அந்தச் சந்தோஷத்தைக் கேரம் போர்டு கெடுத்தது. மாதா கோயில் பங்குத் திருவிழாக் கேரம் போட்டியில் வருடா வருடம் ஜெயிப்பவர் கஸ்பார். போன முறை ஜெயித்த மிதப்பில், செல்போனைப் பார்த்து வித்தைகள் பழகினார். கட்டையில் மோதித் திரும்பும் அடி, ஆளே கோணிக்கொண்டு அடிக்கும் அடி. கடைசியில், வாயைப் பிளந்து நிற்கும் குழியில்கூடக் காய் விழமாட்டேன் என்றது. ஸ்ட்ரைக்கர் மட்டும் தவறாமல் விழுந்தது.

பக்கத்து வீட்டு டோனி சும்மா இருப்பானா?

"என்னண்ணே, கைக்குக் காய்ச்சலா? இந்த வருசம் நீங்க பவுடர் தூவுற வேலையப் பாருங்க. கப்பு எனக்குத்தான்."

கஸ்பாருக்குச் சோறு இறங்கவில்லை. நான்சி பார்த்தாள்.

"செத்த நேரம் நான் சொல்றதக் கேளுங்க."

"கேரம் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"கன்னியாஸ்திரிங்க விடுதியில எங்களுக்கு வேற என்ன இருந்துச்சு? மொதல்ல நேரா உக்காருங்க. பூனை கருவாட்டப் பாக்குற மாதிரி என்ன சாய்வு?"

காய்களை எல்லாம் அள்ளி டப்பாவில் போட்டு மூடினாள். வெறும் பலகை, வெறும் ஸ்ட்ரைக்கர். நேராகப் போய் நேராகத் திரும்ப வேண்டும். முழங்கை அசைந்தால் கரண்டிக் காம்பால் ஒரு தட்டு. "முழங்கை!" அது சரியான பிறகுதான் ஒற்றைக் காய், நேர்க் குழி.

"அடிச்சிட்டு எவன் பாக்குறான்னு திரும்பாதீங்க. காயப் பாருங்க."

வித்தை காட்டினால் அன்றைக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கிடையாது. வெறும் ரசம்தான்.

ரசம் குடித்துக் குடித்தே கை திரும்பியது. திருவிழாக் கொடி ஏறுவதற்குள் காய்கள் பழையபடி சொன்ன பேச்சுக் கேட்டன.

"எல்லாம் உன் புண்ணியம் நான்சி!"

"என் புண்ணியம் என்கிட்டயே வந்து சேரும்ங்க."

கடைசி ஆட்டம் டோனியோடு. ஆளுக்கு ஒரு காய்தான் மிச்சம். கஸ்பாரின் முறை. காய் குழிக்கு நேரே நின்றது. அப்போது ஒலிபெருக்கி அலறியது.

"இந்த ஆண்டு கோப்பைக்குப் பதிலாக முதல் பரிசு, நமது அன்பியத் தாய்மார்கள் வழங்கும் மெத்தையுடன் கூடிய இரும்புக் கட்டில்!"

கஸ்பாருக்கு வேர்த்தது. தெருப் பெண்களின் அந்த ஜெபக் கூட்டத்துக்குத் தலைவியே நான்சிதான். நிமிர்ந்து பார்த்தார். அவள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு சாதுவாக நின்றாள்.

தோற்றால் டோனியின் வாய் ஒரு வருடம் ஓயாது. ஜெயித்தால் மாமியார். மாதா மேல் சத்தியம் வேறு. டோனியே பரவாயில்லை என்று முடிவு செய்தார். வேண்டுமென்றே கோணலாகச் சாய்ந்தார். முழங்கையைத் தூக்கினார்.

"முழங்கை!"

கூட்டத்துக்குள்ளிருந்து நான்சியின் குரல். அவ்வளவுதான். முதுகு தானாக நிமிர்ந்தது, முழங்கை தானாக ஒடுங்கியது, விரல் தானாகச் சுண்டியது. காய் வழுக்கிக்கொண்டு போய்க் குழியில் விழுந்தது.

கைதட்டலில் கொட்டகை அதிர்ந்தது. முன்வரிசையிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓர் உருவம் மெல்ல எழுந்தது. கையில் துணிப்பை. மாமியார் வியாகுலம்மாள்.

"நீங்க எதுக்கு மாப்ள வடமதுரைக்கு அலையணும்னு நானே வந்துட்டேன். வீட்டுல இருக்கிற அந்தக் கேரம் போர்டத் தூக்கிட்டு, அங்கயே கட்டிலப் போட்டுருங்க. அதான் காத்தோட்டமான எடம்."