பழுப்புக்கல் வீட்டுத் துக்கம்

அலேன் தன் சொந்த வீட்டின் நிலவறையில், பாய்லருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். மேலே அவருடைய பழுப்புக்கல் வீட்டை வாங்குவதற்காக ஆட்கள் வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்காவது வெளியே போய்வரும்படிதான் தரகர் ஹேலி கெஞ்சியிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை இவர் கூடவே நடந்து, மழை பெய்தால் கூரை எங்கெங்கே ஒழுகும் என்று ஒரு தம்பதிக்கு ஆசை ஆசையாகக் காட்டிக்கொடுத்ததில், அவர்கள் வந்த வழியே போய்விட்டார்கள். அலேனுக்குப் பொய் சொல்ல வராது. வாயும் சும்மா இருக்காது.

ஆனால் வீடு விலைபோய்த்தான் ஆகவேண்டும். மனைவி காலமாகிவிட்டாள். மாடியில் குடியிருந்தவர்களும் காலி செய்துவிட்டார்கள். இரண்டு குடும்பத்துக்கான வீட்டில் ஒற்றை ஆளாகச் சுவரோடு பேசி அவருக்கு அலுத்துவிட்டது. புரூக்ளினில் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று புலம்பி, அட்லாண்டாவில் மகளோடு போய் இருந்துவிடுவதென்று முடிவு செய்திருந்தார்.

மேலே எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தரை அழுக்காகாமலிருக்கக் காலில் நீல உறை மாட்டிக்கொண்டு வீடு பார்க்க வந்தவர்கள் மரப்படியைத் தடவித் தடவி வியந்தார்கள். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு அயாந்தி, கறுப்பு உடையும் கறுப்புத் தொப்பியுமாக, ஒரு பெரிய தட்டு நிறைய, சீஸ் போட்டுச் சுட்ட மக்ரோனிப் பலகாரத்தை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். நேராக ஹேலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி நேரத்துல ரொம்பக் கஷ்டப்பட்டாராம்மா?"

ஹேலிக்கு ஒன்றும் புரியவில்லை. நன்றி சொல்லித் தட்டை வாங்கி மேசைமேல் வைத்தாள். அதுதான் வினை. பின்னாலேயே பன்றித் தொடை வந்தது, அவரைச் சோறு வந்தது, மடக்கு நாற்காலிகள் வந்தன, அரைத் தெருவே கறுப்பு உடையில் வந்து உட்கார்ந்தது.

இந்தத் தெருவில் புதியவர்களை இப்படித்தான் வரவேற்பார்கள் என்று ஹேலி வாய்க்கு வந்ததை அளந்தாள். நீல உறைக்காரர்கள் மகிழ்ந்துபோய் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டார்கள். அப்போது வந்த பாஸ்டர் லாஷ்லி, உயிர் எந்த அறையில் பிரிந்தது என்று அவர்களிடமே பணிவாக விசாரித்தார்.

தட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"இங்க யாரும் சாகலைங்க" என்றாள் ஹேலி.

பாஸ்டர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். "மொதல்ல அப்படித்தாம்மா இருக்கும். மனசு ஏத்துக்காது."

அலேன் உயிரோடு இருப்பதை நிரூபிக்க ஹேலி அவருடைய போனுக்கு அடித்தாள். அது மேசையில் மக்ரோனித் தட்டுக்குப் பக்கத்திலேயே சார்ஜில் கிடந்து பாடியது.

"அடிக்குது பாருங்க, எடுக்கத்தான் ஆளில்ல" என்று அயாந்தி விம்மினாள். மூலை வீட்டு ஆஸ்வின் கனத்த குரலில் பாட்டு எடுத்தார். வீடு பார்க்க வந்த பெண் ஒருத்திகூடக் கைக்குட்டையை எடுத்துவிட்டாள்.

பிறகு பாஸ்டர் பேச ஆரம்பித்தார். பனிக்காலத்தில் யார் வீட்டு வாசலென்று பாராமல் அலேன் பனி அள்ளிப்போட்டதையும், நோயாளிகளைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதையும் சொன்னார். கீழே அலேன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் இவ்வளவு நல்லவன் என்று அவருக்கே தெரியாது. அடக்கம் முடியும்வரை கேட்டுக்கொண்டிருக்க அவர் தயார்தான். அதற்குள் அவருடைய இருமல் காட்டிக்கொடுக்க, ஹேலி நிலவறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

தலையிலிருந்து கால்வரை வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புத் தூசியோடு, காதில் ஒட்டடை தொங்க, ஈரக் கண்களோடு அலேன் மெல்ல மேலே வந்தார்.

வீடு பார்க்க வந்தவர்கள் நீல உறைகளைக்கூடக் கழற்றாமல் தெருவில் இறங்கி ஓடினார்கள். விளக்கம் சொல்ல ஹேலியும் பின்னால் ஓடினாள்.

தெருக்காரர்கள் மட்டும் அசையவில்லை. யாருக்கும் ஒரு திடுக்கிடல்கூட இல்லை. அயாந்தி எழுந்துவந்து அவர் காதிலிருந்த ஒட்டடையை எடுத்துவிட்டு, மக்ரோனிப் பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டிக் கையில் கொடுத்தாள்.

"நான் செத்துட்டேன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்றார் அலேன்.

எல்லாரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஆஸ்வின் மட்டும் மனத்தாங்கலோடு சொன்னார்:

"போன வருஷம் நீங்க பார்படோஸ் போயிருந்தப்ப நானும் வீட்ட விக்கத்தான் பாத்தேன் பிரதர், என்னையும் போகவிடாம இப்படித்தான் சாகடிச்சு, வீடு வாங்க வந்தவங்கள விரட்டினாங்க, ஆனா பாஸ்டர் என்னைப் பத்தி இதுல பாதிகூடப் பேசல."