கலந்தர் குடையேந்திய பெருநாள்

வாழ்க, கல்முனை கண்ட கலந்தர்! கடலலை வந்து காலடியில் மண்டியிடும் ஊரின் கறுங்குடைக் காவலரே, நாற்பது வருடம் தபால் முத்திரை குத்திக் குத்தியே தோள் பருத்த ஓய்வுபெற்ற தபாலதிபரே, சீனி வியாதியை வலப்புறமும் பிறசரை இடப்புறமும் அமர்த்தி, மூச்சிழுப்பை நெஞ்சுக்குள் மந்திரியாய் வைத்து அறுபத்தாறு வயதுவரை அரசாண்ட அண்ணலே, இரண்டு மாஸ்க்குக்குள்ளால் எவ்வளவு குரல் வருமோ அவ்வளவு குரலில் உம் புகழ் பாடுகிறோம்!

கொரோனா என்னும் கண்காணாப் பகைவன் கொடியின்றி, முரசின்றி, கும்மாளமாய் உலகேறி வந்த முதல் வருடத்து ஹஜ்ஜுப் பெருநாள் அது. அன்றைக்கு முந்தின மாலை அட்டாளைச்சேனையிலிருந்து ஓர் ஆணை பிறந்தது. பிறப்பித்தவள் மருமகள் நஜ்லா, ஆஸ்பத்திரித் தாதி, ஊசி ஏந்திய கையினாள், உறுதி குலையா நாவாள். கலந்தரின் மகன் றிஷாட், அந்தக் கரையின் வழக்கப்படி, கலியாணம் முடித்துப் பெண்வீட்டோடு போனவன். அங்கே பிறந்து இருபத்தெட்டு நாளான பேத்தியைக் கலந்தர் இன்னும் தொட்டதில்லை. போனின் கண்ணாடியில் முத்தமிட்டு முத்தமிட்டு அந்தக் கண்ணாடியைத்தான் மங்கலாக்கியிருந்தார்.

"மாமா, உங்களுக்குச் சீனி, பிறசர், இழுப்பு மூணும் இரிக்கி. வயசும் அறுபதத் தாண்டிட்டு," என்றாள் நஜ்லா போனில். "பெருநாள் தொழுதிட்டு ஒருத்தரையும் கட்டிப்புடிக்காம வந்தா புள்ளயக் கையில தருவன். இல்லாட்டி ஜன்னலாலதான் பாக்கலாம்."

எளிய நிபந்தனை என்று எண்ணுவோரே, நீர் எங்கள் ஊர்ப் பெருநாளைக் கண்டவரல்லீர்! தொழுகையும் பிரசங்கமும் முடிந்த மறுகணம், அணையுடைத்த வாய்க்கால்போல் ஆண்கள் திரண்டு, வலத்தோள், இடத்தோள், மீண்டும் வலத்தோள் என்று மூன்று முறை மார்போடு மார்பு மோதித் தழுவாவிட்டால், அது பெருநாளே ஆகாது.

வைகறையில் கமீலா தன் கணவரைப் போருக்கு ஒப்பனை செய்தாள். மாஸ்க் ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு. அவற்றின்மேல் வெயிலில் மின்னும் பிளாஸ்டிக் முகமறைப்பு. இடைப்பையில் செனிடைசர் போத்தல். கக்கத்தில் சொந்தத் தொழுகைப்பாய். கையில், வளைந்த பிடியும் கூரிய முனையும் கொண்ட நெடுங்கறுப்புக் குடை.

"றிஷாட்ட வாப்பா, இஞ்சப் பாருங்க," என்றாள் அவள். "அந்த அத்தர்க் கட இன்பாஸ் வந்தா ஓடிருங்க. அந்த மனிசன்ட புடி உடும்புப் புடி."

"ஓம் ஓம். நான் என்ன சின்னப்புள்ளயா?" என்றார் வீரர். முகமறைப்புக்குள் ஆவி படர்ந்து அவருக்கு வாசற்படலை தெரியவில்லை.

பள்ளிவாசலில் ஒரு மீற்றருக்கு ஒருவராய் மஞ்சள் நாடா ஒட்டிய இடங்களில் ஊர் நின்று தொழுதது. பிரசங்கம் முடிந்தது. நெஞ்சில் கை வைத்து, தலை அசைத்து, தூரத்திலிருந்தே வாழ்த்திக் கலைந்தனர் எல்லோரும். ஆ, ஒருவரைத் தவிர! அதோ, தூண்களுக்கு நடுவே தானும் ஒரு தூணாய் எழுகிறார் இன்பாஸ்! தொந்தி முன்னே வர வாழ்த்துப் பின்னே வரும் வள்ளல். எதிர்ப்படுவோர் சட்டையிலெல்லாம் அத்தர் தடவி அனுப்பும் நறுமணச் சக்கரவர்த்தி. மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக் கழுத்தை மட்டும் கொரோனாவிலிருந்து காத்துக்கொண்டவர். முந்தின நாள்தான் கொழும்பு பஸ்ஸில் வந்திறங்கியவர்.

"கலந்தர் மச்சான்! பெருநாள் முபாறக்!"

இரு கைகளும் விரிந்தன. கிழக்கே ஒரு கை, மேற்கே ஒரு கை. இடையிலிருந்த உலகம் முழுவதும் தழுவப்படக் காத்திருந்தது.

கலந்தர் திரும்பினார். சீனிக்காக வைத்தியர் சொன்ன காலை நடையைப் பதினொரு வருடம் ஒத்திவைத்த அந்தக் கால்கள், அன்று ஒரே மூச்சில் கடன் தீர்த்தன. செருப்புத் தட்டைச் சுற்றினார், இன்பாஸும் சுற்றினார். தொழுமுன் கைகால் கழுவி உளூச் செய்யும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றினார். அங்கேயும் விரிந்த கைகள் வந்தன. வெள்ளத்துக்கு ஒதுங்கும் வயல்நண்டுபோல் பக்கவாட்டில் பாய்ந்தார். பனங்குலை உருண்டதுபோல் பின்னால் வந்தார் மற்றவர்.

"காக்கா, வலப்பக்கத்தால வாறாரு! குடய எடுங்க, குடய!" என்று அண்ணனை அழைப்பதுபோல் படியில் நின்று கூவினான் றிம்சான் என்னும் வாலிபன்.

மதிலோரம் வழி முடிந்தது. நெஞ்சுக்குள்ளிருந்த மந்திரி விசிலடிக்கத் தொடங்கினார். கலந்தர் திரும்பி நின்று, குடையை ஈட்டியென நீட்டி, மதில் அதிர முழங்கினார்:

"நில்லு மச்சான்! இந்தக் குடைக்கு அங்கால நீ, இங்கால நான்! இந்தக் கொரோனா வருத்தம் போகட்டும், மூணு இல்ல, முந்நூறு தரம் கட்டிப்புடிப்பம்! இண்டைக்கு என்ட பேத்தி காத்திட்டிரிக்கா!"

இன்பாஸ் நின்றார். விரிந்த கைகள் மெல்லத் தாழ்ந்தன.

"அம்பத்தொரு வருசம், மச்சான்," என்றார். "ஒரு பெருநாளும் விட்டதில்ல."

அப்போதுதான், கண்டும் கேட்டும் அறியாத அந்தக் காட்சி நிகழ்ந்தது. இன்பாஸ் நீட்டிய குடையின் முனையை இரு கைகளாலும் பற்றி, கைகுலுக்குவதுபோல் முசாபஹாச் செய்தார். பிறகு குடையின் உடலை வலத்தோளில் சாய்த்தார், இடத்தோளில் சாய்த்தார், மீண்டும் வலத்தோளில் சாய்த்துக் கண்ணை மூடி இறுகத் தழுவினார். மறுமுனையில் பிடியைப் பற்றி நின்ற கலந்தரும், என்ன செய்கிறோம் என்றறியாமல், அதற்கிசைய மூன்று முறை ஆடினார். கடைசியில் இன்பாஸ் சட்டைப்பையிலிருந்து போத்தலை எடுத்து, பெருநாள் மரியாதை குறையாமல், குடையின் மடிப்புகளுக்குள் தாராளமாக அத்தர் ஊற்றினார்.

வென்றார் கலந்தர்! தீண்டப்படாத மேனியராய், திறந்த படலை வழியே வீதியுலா வந்தார்! கமீலா அவரை வாசலில் நிறுத்திச் சவர்க்காரம் போட்டாள், செனிடைசர் தெளித்தாள், சட்டையை வாளிக்குள் அமிழ்த்தினாள், தொழுகைப்பாயையும் வெயிலில் போட்டாள். சுவரில் சாய்ந்திருந்த குடையை மட்டும் அவள் கண் தவறவிட்டது.

மாற்றுச் சட்டையும் புது மாஸ்க்குகளும் கழுவிய முகமறைப்பும் கையில் அதே குடையுமாய் ஓட்டோவில் ஏறினார் வெற்றிவீரர். காரைதீவு கடந்தது, நிந்தவூர் கடந்தது. கச்சான் காற்று புழுதி வாரி எறிந்து வாழ்த்தியது. அட்டாளைச்சேனை வாசலில் நஜ்லா, பூவேலை செய்த துணிக்குள் ஒரு சிறு முகத்தோடு நின்றாள்.

"ஒருத்தரும் கட்டிப்புடிக்கல்லயே, மாமா?"

"ஒருத்தரும் இல்ல மகள்! அல்லாஹ் காவல்!"

அவள் பிள்ளையை நீட்டினாள். அந்த முகத்தில் உச்சிவெயில் விழுவதைப் பொறாத பாட்டனார், ஒரு கையை ஏந்தி, மறுகையால், மண்டலங்களைக் காக்கும் வெண்கொற்றக் குடையை விரிக்கும் மாமன்னர்போல், தன் கறுங்குடையைப் படாரென விரித்தார். மடிப்புகளில் சிறையிருந்த அத்தர், கோட்டைக் கதவு திறந்த சேனையாய்ப் பாய்ந்து, முகமறைப்பைக் கடந்து, மாஸ்க் இரண்டையும் துளைத்து, மூக்கின் உச்சியில் கொடி நாட்ட, வீரர் கண் செருகி, வாய் பிளந்து, வானத்தை நோக்கி நிமிர்ந்து, அந்தத் தெருவின் கோழிகளெல்லாம் கூரையேற ஏழு முறை தும்மினார்.

நஜ்லா பிள்ளையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலால் சீனி போடாத பிளேன்டீ ஒன்றை நீட்டினாள்.